பாறைக்கு ஒரே சுரம்

என் அண்ணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி லாரியில் வைக்கிற பெரிய கிரேன். தரையிலிருந்து பன்னிரண்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு நாற்காலி, நாற்காலியின் இரண்டு பக்கமும் கைப்பிடிகள், காலுக்குக் கீழேயும் கண்ணாடி. அங்கிருந்து பார்த்தால் ஆட்கள் கடுகு மாதிரி தெரிவார்கள் என்று ஆசை காட்டி ஒருமுறை என்னை மேலே அழைத்துப்போனார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன், கண்ணை மூடிக்கொண்டே இறங்கினேன். அதை இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்.

மற்றபடி அவர் அதிகம் பேசமாட்டார். குடும்பத்தில் பேசுகிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, நானாகத்தான்.

நாங்கள் இரண்டு பேரும் ஊர் பேண்ட் குழுவில் வாசிக்கிறோம். நான் கிளாரினெட், அண்ணி டியூபா. டியூபாவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: கைக்குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு ஊத வேண்டிய பித்தளை வாத்தியம், ஆனால் குழந்தைக்கு எட்டு வயது. மெட்டு எங்களுக்கு, ‘பூம் பூம்’ டியூபாவுக்கு. கச்சேரி முடிந்ததும் ஜனங்கள் வந்து எங்கள் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அண்ணி பின்னால் உட்கார்ந்து டியூபாவுக்குள் தேங்கிய எச்சிலை வடித்துக்கொண்டிருப்பார். இருபத்தொரு வருஷமாக இதுதான் நடந்தது. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாக யாருக்கும் தெரியாது. நான் கேட்டதும் இல்லை, அது என் தப்பு.

துறைமுகத்துக்கு வடக்கே கரை சட்டென்று முரடாகிவிடும். மணலே கிடையாது. கறுப்புப் பாறைகள், ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, நடுநடுவே ஆழமான பிளவுகள். அங்கே போகப் பாதை இல்லை. போனவர்கள் செருப்பு கிழிந்து திரும்பி வந்தார்கள். அந்தக் கரையை முழுசாகப் பார்க்க ஊரில் ஒரே இடம்தான் உண்டு. அது அண்ணியின் நாற்காலி.

காற்று ஒரு அளவுக்கு மேல் வீசினால் கிரேனை நிறுத்திவிட வேண்டும் என்பது சட்டம். நிறுத்திவிட்டு, கீழேயிருந்து உத்தரவு வரும்வரை மேலேயே காத்திருக்க வேண்டும். சிலர் அப்போது தூங்குவார்கள். சிலர் வீட்டுக்குப் போன் போட்டு வம்பளப்பார்கள். அண்ணி பாறைகளைப் பார்த்துக்கொண்டு, வேலை அறிக்கைத் தாள்களின் பின்பக்கத்தில் ஐந்து கோடு கிழித்து இசை எழுதியிருக்கிறார். மூன்று வருஷம். வீட்டில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. என் அண்ணனுக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தாள்கள் அலமாரியில் போர்வைக்கு அடியில் இருந்திருக்கின்றன. அந்தப் போர்வையைத் துவைக்கிறவன் அவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு அண்ணி முப்பத்தொரு உறைகளோடு வந்தார். எங்கள் ஒத்திகை நடப்பது பழைய ஐஸ் ஆலையின் சரக்கு அறையில். சுவரெல்லாம் தக்கை, எதிரொலி என்பதே கிடையாது. செய்கிற தப்பு அப்படி அப்படியே காதில் விழும். அவர் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு உறையை வைத்துவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். உறைமேல் ‘வடக்குப் பாறைகள்’ என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக, கையால், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய தாள்கள்.

டிராம்போன்காரர் ஒருவர் உண்டு. அந்த வாத்தியத்தை முன்னும் பின்னும் இழுத்து வாசிப்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சைக்கிள் பம்ப். அவர் சத்தமாகச் சொன்னார், “போச்சு. டியூபாக்காரங்க பாட்டு எழுதினா மெட்டெல்லாம் டியூபாவுக்குத்தான். இனிமே பூம் பூம் நம்ம தலையில.”

நான் என் உறையைப் பிரித்தேன். தாள் வெள்ளையாகவே இல்லை. எறும்புப் புற்றைக் கலைத்துவிட்டாற்போல் மேலும் கீழும் சுரங்கள் ஓடின. முதல் பக்கத்தில் மட்டும் எண்ணிப் பார்த்தேன், நானூற்று எண்பத்திரண்டு.

“அண்ணி, நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?”

“நீ அலைம்மா. அலை சும்மா இருக்குமா?”

“அப்ப நீங்க?”

“நான் பாறை.”

எட்டிப் போய் அவர் தாளைப் பார்த்தேன். அதில் ஒரே ஒரு சுரம் இருந்தது. டியூபாவில் எந்தக் கட்டையையும் அழுத்தாமல் வருகிற, அடிமட்டத்துச் சுரம். அது ஒரு வளைகோட்டால் அடுத்த பாருக்கு இழுக்கப்பட்டிருந்தது, அங்கிருந்து அதற்கடுத்த பாருக்கு, இப்படியே பக்கம் முடிகிறவரை. ஒரு பார் என்பது நாலு எண்ணிக்கை, இந்த வேகத்துக்கு இரண்டு நொடி. மொத்தம் தொண்ணூற்றாறு பார். இருபத்தொரு வருஷம் பூம் பூம் ஊதியவர், தனக்கென்று எழுதும்போது பூம் பூம்கூட வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் பேண்ட் மாஸ்டர் தொழிலில் பல் டாக்டர். ஊதுகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் வாயையே பார்ப்பார். அவர் குச்சியைத் தூக்கினார், நாங்கள் ஆரம்பித்தோம்.

முதல் முறை வாசிப்பது எப்படி இருக்கும்? கண்றாவியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கண்றாவிக்குள்ளும் ஏதோ இருந்தது. கிளாரினெட்டுகள் ஏறி விழ, டிரம்பெட்டுகள் குறுக்கே வெட்ட, அடியில் அந்த ஒரே சுரம் அசையாமல் நின்றது. ஆறு பார் நின்றது. பிறகு அறுந்தது. அண்ணி மூச்சு வாங்கினார். மறுபடி ஆரம்பித்தது, மறுபடி அறுந்தது. சுரம் நிற்கிற ஒவ்வொரு முறையும் எங்கள் காலுக்கடியிலிருந்து யாரோ பலகையை உருவிவிட்டாற்போல் எல்லாரும் தடுமாறினோம். மாஸ்டர் நிறுத்தினார்.

“இதை எப்படிம்மா ஒரே மூச்சுல ஊதுவீங்க?”

அண்ணி தன் தாளை உற்றுப் பார்த்தார். அப்புறம் முகம் சிவந்துவிட்டது. விஷயம் இதுதான்: மேலே அந்தக் கண்ணாடிப் பெட்டியில் நாற்காலிக்குப் பின்னால் ஒரு விசிறி மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ‘ம்ம்ம்’ என்ற சத்தத்தின் மேல்தான் மூன்று வருஷமும் மற்ற சுரங்களை முணுமுணுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். மோட்டாருக்கு மூச்சு எதற்கு? மற்ற முப்பது பேரின் பாகத்தையும் வீட்டில் யாரும் இல்லாதபோது வாசித்துச் சரிபார்த்தவர், தன்னுடையதை மட்டும் ஒரு தடவைகூட ஊதிப் பார்க்கவில்லை. ஒரே சுரம்தானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார். டியூபா ஊதுகிறவர், மூச்சை மறந்துவிட்டார்!

நான் சிரித்தேன். எல்லாரும் சிரித்தோம். அண்ணியும் சிரித்தார், ஆனால் அவர் கண்ணில் சிரிப்பு இல்லை.

மாஸ்டர் நல்ல மனிதர். ஆறு வாரத்தில் வருகிற ஆண்டுக் கச்சேரியில் இதைச் சேர்த்துக்கொள்ள அவருக்கும் ஆசைதான். “நடுநடுவே இடைவெளி விட்டு எழுதிடுங்க. யாருக்கும் தெரியப்போறதில்ல” என்றார்.

“எனக்குத் தெரியுமே,” என்றார் அண்ணி. “விட்டு விட்டு வந்தா அது பாறை இல்ல மாஸ்டர், படிக்கட்டு.”

“அப்ப இன்னொரு டியூபா வேணும். ஒருத்தர் மூச்சு வாங்கும்போது இன்னொருத்தர் பிடிச்சுக்கணும். ஆளுக்கு எங்கே போறது? பாட்டு சேராம வந்தா என்னால மேடையில ஏத்த முடியாதும்மா.”

சைக்கிள் பம்ப் தன் டிராம்போனால் இடைவெளியை நிரப்பிக் காட்டினார். பாறைகளுக்கு நடுவே லாரி ஹாரன் அடித்தாற்போல் இருந்தது. வேறு இரண்டு வாத்தியங்களையும் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் ஒட்டவில்லை. எனக்குப் பசி, பொறுமை போய்விட்டது. “பேசாம எங்க அண்ணனைக் கூட்டிட்டு வந்து ஊத வைங்க. ஒரே நோட்தானே!” என்றேன்.

அறை முழுக்கச் சிரிப்பு. என் அண்ணன் பிளம்பர். கச்சேரியில் எப்போது கைதட்டுவது என்று தெரியாமல் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பவன். அவன் பாடினால் எந்தப் பாட்டு என்று வார்த்தையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. ஒத்திகை அறை அலமாரியின் அடித்தட்டில் யாரும் தொடாமல் கிடந்த ஒரு பழைய டியூபாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே அது வீட்டுக்கு வந்துவிட்டது. அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“இவ்ளோ குழாயை எதுக்கு இப்படி வளைச்சு வச்சிருக்காங்க? நேரா விட்டா ஆகாதா?”

“பதினெட்டு அடிங்க. நேரா விட்டா பக்கத்து வீட்டுக்குள்ள போயிடும்.”

“எல்போ கூட ஒழுங்கா இருக்கு,” என்று குழாயின் வளைவுகளைத் தட்டிப் பார்த்தான். ஒடுக்கு விழுந்த இரண்டு இடத்தை அன்றே எடுத்தான், இறுகிப்போன கட்டைகளுக்கு எண்ணெய் விட்டான். அந்த டியூபாவுக்கு இப்படி ஒரு யோகம் அதுவரை அடித்ததில்லை. ஊதச் சொன்னபோதுதான் பின்வாங்கினான்.

“என்னால ஆகாதும்மா. எனக்குச் சுருதி கிருதி ஒண்ணும் தெரியாது.”

“தெரிய வேணாம். நீங்க காத்தை விடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்.”

முதல் வாரம் வந்ததெல்லாம் வெறும் காற்று. இரண்டாவது வாரம் சத்தம் வந்தது. கீழ்வீட்டு அம்மா மாடியேறி வந்து, கப்பல் ஏதாவது கிளம்புகிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார். மூன்றாவது வாரம் சுரம் வந்தது, ஆனால் நிற்கவில்லை. உதடு கொஞ்சம் இறுகினாலும் அது மேலே உள்ள அடுத்த சுரத்துக்குத் தாவிவிடும். தாவியதுகூடத் தெரியாமல் அவன்பாட்டுக்கு ஊதிக்கொண்டிருப்பான். நான் சோபாவில் உட்கார்ந்து “அண்ணா, மாடிக்குப் போயிட்ட, கீழ வா” என்று கத்துவேன். என் உதவி அவ்வளவுதான்.

வழி கண்டுபிடித்தது அவனேதான். ஒருநாள் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து ஊதும்போது திடீரென்று நிறுத்தினான். “ஏய், இது நடுங்குது.”

“எது?”

“குழாய். நம்ம ரெண்டும் சேரலேன்னா குழாய் நடுங்குது. சேர்ந்துட்டா நடுக்கம் நின்னுடுது. தண்ணிக் குழாய்ல காத்து மாட்டினா இப்படித்தான் உதறும்.”

அண்ணி அவனையே பார்த்தார். சுருதி சேர்வதைக் காதால் கேட்க எங்களுக்கு வருஷக்கணக்காகிறது. அவன் உள்ளங்கையால் பிடித்துவிட்டான். அன்றிலிருந்து இடதுகையை டியூபாவின் பெரிய குழாய்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, நடுக்கம் வந்தால் உதட்டைத் தளர்த்துவான். நான் சோபாவிலிருந்து கத்துகிற வேலை போய்விட்டது.

மூச்சு மாற்றிக்கொள்ள ஒரு ஏற்பாடு செய்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு தீரப்போகிறவர் முழங்காலால் ஒரு இடி இடிக்க வேண்டும். மற்றவர் பதில் இடி தர வேண்டும். பதில் வந்த பிறகுதான் வாயை எடுக்கலாம். கல்யாணமாகி இருபது வருஷமான இரண்டு பேர் வரவேற்பறையில் உட்கார்ந்து முட்டியால் இடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து நான் பொய்க்கோபத்தோடு எழுந்து போனேன். உண்மையில் எனக்கு ஆனந்தமாக இருந்தது. அவர்கள் வேலை நேரம் ஒருபோதும் ஒத்துப்போனதில்லை. ஒருவர் வரும்போது மற்றவர் கிளம்புவார். தினமும் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது.

ஒருநாள் அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான், “எல்லாரும் சேர்ந்து வாசிச்சா உன் பாட்டு எப்படி இருக்கும்?”

“எனக்கு எப்படித் தெரியும்? ஊதும்போது மண்டைக்குள்ள என் நோட் ஒண்ணுதான் ஓடுது. மத்தது எதுவும் சரியா விழறதில்ல.”

“அப்ப எழுதினவளுக்கே அது கேக்காதா?”

“பாறைக்கு எதுக்குங்க கேக்கணும்?” என்று சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

ஒத்திகைக்கு அவனை அழைத்து வந்த முதல் நாள், மாஸ்டர் குச்சியை இறக்கி எல்லாரும் நிறுத்திய பிறகும் அவன் ஊதிக்கொண்டே இருந்தான். நிறுத்தச் சொல்லி யாரும் கற்றுத்தரவில்லை! சைக்கிள் பம்ப் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப்பார்த்தார். ஆனால் மறுமுறை, முதல் பாரிலிருந்து தொண்ணூற்றாறாவது பார்வரை, அந்தச் சுரம் அறுபடாமல் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் குச்சியை வைத்துவிட்டு, “பல்லு நல்லா இருக்கு உங்களுக்கு,” என்றார் அண்ணனிடம். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

சோதனை கடைசி ஒத்திகையில் வந்தது. எண்பதாவது பாரில் அலைகள் எல்லாம் பின்வாங்கிவிடும். கிளாரினெட்டுகளுக்கு எட்டு பார் ஓய்வு. அண்ணி எங்கள்மேல் இரக்கம் காட்டிய ஒரே இடம். அங்கே ஒரு புல்லாங்குழலும் ஹார்ன் என்ற பித்தளை வாத்தியமும் மட்டும் மெதுவாகப் பேசிக்கொள்ளும், அடியில் டியூபா சன்னமாக நிற்கும். மறைக்க ஒன்றுமில்லாத வெட்டவெளி. அந்த இடத்தில்தான் அண்ணனின் சுரம் வழுக்கி மேலே தாவியது. பதறிப்போய் ஊதுவதையே நிறுத்திவிட்டான். அந்த நேரம் பார்த்து அண்ணியும் மூச்சுக்காக வாயை எடுத்திருந்தார். அடியில் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது.

வெளியே படியில் உட்கார்ந்து அண்ணன் சொன்னான், “மூணு வருஷம் எழுதியிருக்க. நான் ஒரு நிமிஷத்துல கெடுத்துடுவேன். வேணாம்மா, மாஸ்டர் சொன்ன மாதிரி இடைவெளி விட்டே எழுதிடு.”

அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார். “நீங்க இல்லாம நான் ஊதமாட்டேன். வேணும்னா நாளைக்குக் கச்சேரியிலருந்து இதை எடுத்துடச் சொல்லிடறேன். வருத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல.”

வருத்தம் இல்லை என்று அவர் சொன்ன விதத்தைக் கேட்டால் கல்லுக்கே வருத்தம் வந்திருக்கும். அண்ணன் எழுந்து, “வீட்டுக்குப் போய் அந்த எட்டு பாரை மட்டும் பாப்போம்,” என்றான்.

மறுநாள் மாலை நாலு மணிக்குக் கச்சேரி. நகரசபை மண்டபம் நிறைந்திருந்தது. முன் இரண்டு வரிசையில் துறைமுகத்து ஆட்கள், இஸ்திரி போட்ட சட்டைகளில், தங்கள் கிரேன் அக்காவைப் பார்க்க வந்திருந்தார்கள். அண்ணன் என்னுடைய பழைய கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தான். தோளுக்குச் சரியாக இருந்தது, வயிற்றில் பொத்தான் எட்டவில்லை.

‘வடக்குப் பாறைகள்’ ஆரம்பித்தது. நான் என் முதல் பக்கத்து நானூற்று எண்பத்திரண்டில் ஏழெட்டை விழுங்கினேன், மற்றதெல்லாம் வாசித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நாங்கள் அப்படி வாசித்ததே இல்லை. அடியில் ஒன்று அசையாமல் நிற்கிறது என்ற நம்பிக்கை வந்துவிட்டால் மேலே எவ்வளவு வேண்டுமானாலும் குதிக்கலாம். குதித்தோம். இருபதாவது பார், நாற்பது, அறுபது. முழங்கால்கள் இடித்துக்கொண்டே இருந்தன.

எண்பதாவது பார் வந்தது. நான் கிளாரினெட்டை மடியில் வைத்துவிட்டு பின்வரிசைப் பக்கம் திரும்பி அவர்களைப் பார்த்தேன். அண்ணன் அப்போதுதான் மூச்சு வாங்கியிருந்தான், நெஞ்சு நிறைய. உடனே முழங்காலால் அண்ணியை இடித்தான். அவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் புரியவில்லை. மூச்சு தீர்ந்தவர்தானே இடிக்க வேண்டும்? அவன் இன்னொரு இடி இடித்தான். பிறகு உதட்டை எடுக்காமலே, கண்ணால் மண்டபத்தைக் காட்டினான். நீ விடு, நான் பிடித்துக்கொள்கிறேன்.

அண்ணி வாயை எடுத்தார்.

டியூபாவை மடியில் சாய்த்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். புல்லாங்குழல் மேலே போனது. ஹார்ன் அதற்குப் பதில் சொன்னது. அடியில் என் அண்ணன், பிளம்பர், சுருதி தெரியாதவன், கண்ணை இறுக மூடி, குழாய்மேல் உள்ளங்கையை அழுத்தி, தன்னந்தனியாக அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் பார்களை எண்ணினேன். எண்பத்திரண்டு. எண்பத்துநாலு. அவன் கழுத்து நரம்பு புடைத்தது. எண்பத்தாறு. காது சிவந்து, நெற்றி சிவந்து, முகமே பீட்ரூட் ஆகிவிட்டது. சுரம் மட்டும் அசையவில்லை. எண்பத்தெட்டில் அண்ணி டியூபாவைத் தூக்கி உதட்டில் வைத்தார், இரண்டு சுரமும் ஒன்றாயின, அவன் மூச்சு வாங்கினான். நாங்கள் எல்லா அலைகளையும் கொண்டுவந்து பாறைகள்மேல் கொட்டினோம்.

துறைமுகத்து ஆட்கள் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். மாஸ்டர் அண்ணியைக் கையைக் காட்டி எழுந்திருக்கச் சொன்னார். அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் மூச்சு இரைத்துக்கொண்டிருந்த என் அண்ணனின் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார், கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை. நான் என் நாற்காலியை விட்டுவிட்டு அவர்களிடம் ஓடினேன்.

“கேட்டியா?” என்று கேட்டான் அவன்.

“கேட்டேங்க.”

“எப்படி இருந்துச்சு? எனக்கு ஒண்ணும் கேக்கல, மண்டைக்குள்ள ஒரே நோட்தான்.”

அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்லா இருக்குங்க,” என்றார், யாரோ எழுதியதைப் பற்றிச் சொல்வதுபோல. “ரொம்ப நல்லா இருக்கு.”